காதுக்கு ஒரு லெட்டர்

மகள் குறைமாதப் பிள்ளை. கொழும்பில் பிறந்த ஆஸ்பத்திரியிலேயே தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்து, கிருமித் தொற்றுக்கு ஜென்டமைசின் என்ற மருந்து கொடுத்தார்கள். மஞ்சள் காமாலையும் கடுமையாக இருந்தது. இரண்டுமே காதைப் பாதிக்கக்கூடியவை. வீட்டுக்கு விடும்போது டயக்னோசிஸ் கார்டில் கண், இதயம், மூளை ஸ்கேன் எல்லாம் இருந்தன. காதைப் பற்றி ஒரு வரி இல்லை.

கேட்டேன். டொக்டர் தொட்டிலுக்கு மேலே ஒரு தரம் கை தட்டினார். பிள்ளை திடுக்கிட்டாள். "பாருங்கோ அம்மா, நல்லாக் கேக்குது. ஒன்றரை வயசில பேச்சு வராட்டிப் பாப்பம்" என்றார். பிள்ளையைக் காப்பாற்றித் தந்த மனிதர், அவரோடு எப்படி வாதாடுவது? ஆனால் ஒரு காது கேட்காத பிள்ளையும், மெல்லிய சத்தம் மட்டும் கேட்காத பிள்ளையும்கூடக் கைதட்டலுக்குத் திடுக்கிடும். ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் குறை இருக்கிறதா என்ற உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவியோ பயிற்சியோ என்பதுதான் பல நாடுகளில் பின்பற்றும் கணக்கு. ஒன்றரை வயது எங்கே!

வழி சொன்னவர் கிளினிக்கில் நிறை பார்க்கும் மிட்வைஃப் மிஸ். "வாயால கேக்காதீங்க, லெட்டர் எழுதித் தரச் சொல்லுங்க." வேறொரு இளம் டொக்டர் மறுபேச்சில்லாமல் எழுதித் தந்தார். காதுக்குள் முனையை வைத்துச் சட்டென்று பார்க்கும் ஓஏஈ மட்டும் இவளுக்குப் போதாது, காமாலை நரம்பைப் பாதித்திருந்தால் அதில் தப்பிவிடும், சத்தம் நரம்பு வழியாகப் போகிறதா என்று பார்க்கும் ஏபிஆரும் செய்யுங்கள் என்றார்.

பால் கொடுத்து, தூங்க வைத்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். த்ரீவீலில் நன்றாகத் தூங்கியவள் வாசலில் முழித்துக்கொண்டாள்! மறுபடி பால், மறுபடி தாலாட்டு. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் தோலைத் துடைத்து வயர் ஒட்டினார்கள். இடது காதுக்கு 'ரெஃபர்', அதாவது மேலும் பார்க்க வேண்டும், என்று வந்ததும் மாமி அழத் தொடங்கிவிட்டார். அது செவிடு என்ற தீர்ப்பில்லை, காதில் நீரோ அழுக்கோ இருந்தாலும் அப்படி வரும் என்று பரிசோதித்தவர் பொறுமையாகச் சொன்னார். திரும்பச் செய்தபோது இரண்டு காதும் பாஸ்.

றிப்போட்டை முதல் டொக்டரிடம் காட்டினேன். "இத எங்க செய்தனீங்கள்?" என்று கேட்டு இடத்தை எழுதிக்கொண்டார். உண்மையாகவே தெரிந்திருக்கவில்லை.

இவளைப் போன்ற பிள்ளைகளுக்குக் கேட்கும் திறன் பிறகும் குறையலாமாம். ஒன்பது மாதத்துக்குள் இன்னொரு முறை வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கான லெட்டரையும் இப்போதே வாங்கி வைத்துவிட்டேன்.