முகப்பில் செங்கல், முதுகில் மண்

இங்கிலாந்தின் தெற்கு நார்ஃபோக்கில், டிஸ், ஆட்டில்பரோ சுற்றுவட்டாரக் கிராமங்களில் பழைய வீடு பார்க்கப் போகிறவர்கள் முகப்பைப் பார்த்து மயங்காமல் நேராகக் கொல்லைப்பக்கம் போய்விடுவது நல்லது. சாலையைப் பார்த்த சுவர் நல்ல சிவப்புச் செங்கலாக இருக்கும். பக்கவாட்டிலும் பின்னாலும் அதே வீடு மண்ணாக இருக்கலாம். களிமண்ணையும் வைக்கோலையும் மிதித்துக் குழைத்து, அச்சில் வார்த்து, சூளைக்குப் போகாமல் வெறும் காற்றிலும் வெயிலிலும் காய்ந்த கட்டிகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 18 அங்குல நீளம், 9 அங்குல அகலம், 6 அங்குல உயரம். இதை இங்கே 'க்ளே லம்ப்' என்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் நிறைய வீடுகளை இப்படித்தான் கட்டினார்கள். கொஞ்சம் காசு இருந்தவர்கள், ஊர் பார்க்கும் பக்கத்துக்கு மட்டும் செங்கல் போர்த்திக்கொண்டார்கள்.

எங்கள் வீடு அந்த வகை. எஸ்டேட் ஏஜென்ட்டின் விளம்பரத்தில் செங்கல் காட்டேஜ் என்று போட்டிருந்தது. முழுப்பொய் என்று சொல்ல முடியாது, அவர் படம் எடுத்த பக்கம் செங்கல்தான். அப்போது நாரிச்சில் வாடகைக்கு இருந்தோம். மனைவி அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ், எனக்குப் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. நகரத்தில் சின்ன வீட்டுக்குக் கேட்ட விலைக்கு இங்கே தோட்டமும் ஆப்பிள் மரங்களும் ஒரு பழைய சலவைக் கொட்டகையும் சேர்ந்து வந்தன. மலிவாக ஒன்று கிடைத்தால் ஏன் என்று கேட்கிற புத்தி நமக்கு ஊரிலேயே உண்டு, இல்லையா?

சட்டப்படி இங்கே வாங்குகிறவர்தான் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் 2008 டிசம்பரிலிருந்து, வீட்டை விற்பனைக்குக் கொண்டு வருகிறவரே சர்வே (நில அளவை அல்ல, கட்டடத்தின் நிலையைச் சோதித்து எழுதும் அறிக்கை) அடங்கிய 'ஹோம் ரிப்போர்ட்' ஒன்றைத் தயார் செய்து தர வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அப்படி இல்லை. நாம் சொன்ன விலைக்கு விற்பவர் சரி என்றாலும் அது யாரையும் கட்டுப்படுத்தாது. இரு தரப்பு ஒப்பந்தங்களும் கைமாறும்வரை எவரும் விலகிக்கொள்ளலாம். அந்த இடைவெளியில்தான் சர்வே எடுக்க வேண்டும். வியாபாரம் முறிந்தால் சர்வேக்குக் கொடுத்த காசு போனது போனதுதான். இதற்குப் பயந்தே நம் ஆட்கள் பலர் அதைத் தவிர்க்கிறார்கள். "கடன் கொடுக்கிற பேங்க் ஆள் அனுப்பிப் பார்க்குதே, அது போதாதா?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். போதாது. அந்த மதிப்பீடு, கடன் திரும்ப வராவிட்டால் வீட்டை விற்றுப் பணத்தை எடுக்க முடியுமா என்று வங்கி தனக்காகப் பார்த்துக்கொள்வது. சில நேரம் வீட்டுக்கு வராமல் கணினியிலேயே முடித்துவிடுகிறார்கள்.

சர்வேயர்களின் தொழில் அமைப்பான ஆர்ஐசிஎஸ் மூன்று நிலைகள் வைத்திருக்கிறது. முதல் நிலை மேலோட்டமானது. இரண்டாம் நிலை வழக்கமான முறையில் கட்டிய, ஓரளவு நல்ல நிலையில் இருக்கும் வீடுகளுக்கு. பழையது, இடித்து மாற்றியது, விசித்திரமாகக் கட்டியது என்றால் மூன்றாம் நிலை. எங்களுக்கு ஆயிரம் பவுண்டுக்கு மேலேயே ஆனது.

நிலையைவிட ஆள் முக்கியம் என்பது என் கட்சி. புதுக் குடியிருப்புகளையே பார்த்துப் பழகிய ஒருவரை அனுப்பினால், ஈரமானியின் ஊசியைச் சுவரில் குத்துவார், அது கத்தும், 'ஈரத் தடுப்பு நிபுணரை அணுகவும்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். அந்த ஊசிக் கருவி நேரடியாக ஈரத்தை அளப்பதில்லை. மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்க்கிறது. மரத்துக்காகச் செய்த அளவுகோல் அது. பழைய சுவரில் உப்பு ஏறியிருந்தாலும் கத்தும். அப்புறம் நிபுணர் இலவசமாகவே வருவார், ஏனென்றால் சுவரில் துளை போட்டு ரசாயனம் செலுத்துவதை விற்பவரும் அவரே. ஆகவே நான் போனில் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான் கேட்டேன்: மண்சுவர் வீடு சர்வே செய்திருக்கிறீர்களா? இரண்டு பேர் பேச்சை மாற்றினார்கள். ஒருவர் மட்டும் "எந்த ஊர் வீடு?" என்று திருப்பிக் கேட்டார். அவரையே வைத்துக்கொண்டோம். பழைய கட்டடங்களைப் பாதுகாக்க வில்லியம் மோரிஸ் 1877-இல் தொடங்கிய எஸ்பிஏபி என்ற சங்கம் இன்றும் இயங்குகிறது. சுவர், கூரை பற்றிச் சந்தேகம் கேட்க அவர்களிடமும் தொலைபேசி உதவி உண்டு.

சர்வே அன்று கடைசி ஒரு மணி நேரம் என்னை வரச் சொன்னார். மனிதர் வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் சலவைக் கொட்டகைக்குத்தான் போயிருக்கிறார். அதன் உட்சுவரில் பூச்சே இல்லை, மண்கட்டிகள் வரிசையாகத் தெரிந்தன, இடையிடையே வைக்கோல் நீட்டிக்கொண்டிருந்தது. "வீட்டைக் கட்டியவர்களேதான் இதையும் கட்டியிருப்பார்கள். கொட்டகைக்கு வேஷம் போட யாரும் காசு செலவழிப்பதில்லை" என்றார். பிறகு பின்பக்கத்து ஜன்னலில் கையை வைத்துச் சுவரின் கனத்தைக் காட்டினார். வெளிப்பூச்சை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே நடந்தார். ஓரிடத்தில் சத்தம் மாறியது. பூச்சு சுவரைவிட்டுக் கழன்று, உப்பிக்கொண்டு நின்றது.

அது சிமென்ட் பூச்சு. முன்பு இந்த வீடுகளுக்கு மண்ணோ சுண்ணாம்போ பூசுவார்கள், சிலவற்றுக்குத் தார் பூசி மணல் தூவி அதன் மேல் வெள்ளையடிப்பார்கள். பிற்காலத்தில் யாரோ ஒரு புண்ணியவான் பின்சுவர் முழுக்க சிமென்ட் அடித்துவிட்டார். சிமென்ட் விறைப்பாக நிற்கும், மண் கொஞ்சம் அசையும். கீறல் விழும், அதன் வழியாக மழைநீர் உள்ளே போகும், போன தண்ணீர் வெளியே வர வழியிருக்காது. நனைந்த மண்கட்டிக்கு வலு இல்லை. பூச்சு வெளியே பார்க்க நன்றாகவே நிற்க, உள்ளே சுவர் களியாகிக்கொண்டிருக்கும். எனக்கு இது புதிதாகப் படவில்லை. சிவகங்கைப் பக்கம் எங்கள் பாட்டி வீடும் மண்சுவர்தான். சித்தப்பா திண்ணைச் சுவருக்குச் சிமென்ட் பூசி, மூன்றாவது மழைக்காலத்தில் அது அப்பளம் மாதிரி பெயர்ந்து விழுந்ததை எங்கள் தெருவே பார்த்தது. அதைச் சொன்னதும் சர்வேயர் நோட்டை மூடிவிட்டு, எங்கள் ஊரில் மண்ணோடு என்ன கலப்பார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். கடுக்காய்த் தண்ணீர் ஊற்றிய சுண்ணாம்பைப் பற்றிச் சொன்னேன். வாங்கப்போகும் வீட்டைப் பற்றிப் பேச வேண்டிய நேரத்தில் பாதி அதற்கே போனது.

இன்னும் சில சொன்னார். மண்சுவருக்கு அடியில் செங்கலோ சக்கிமுக்கிக் கல்லோ வைத்து ஒரு பீடம் கட்டியிருப்பார்கள், தரையின் ஈரம் மண்ணைத் தொடாமல் இருக்க. இங்கே யாரோ கான்கிரீட் நடைபாதை போட்டு அந்தப் பீடத்தை மூடிவிட்டார்கள். கூரைத் தண்ணீர்க் குழாயின் முழங்கை ஒன்று உடைந்து அதே மூலையில் ஒழுகியது. ஒரு பொந்தைக் காட்டி எலி என்றார். மண்சுவரைக் குடைவது எலிக்கு எங்கேயும் சுலபம்தான்.

அறிக்கை வந்தது, எழுபது பக்கத்துக்கு மேல். ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று தரம் போட்டிருந்தார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு. பின்சுவர் சிவப்பு, புகைபோக்கி சிவப்பு, மின்சாரம் சிவப்பு, கழிவுநீர் சிவப்பு. இரவு வேலை முடிந்து வந்த மனைவி அதைப் புரட்டிவிட்டு, "வேணாங்க, விட்டுடலாம்" என்றாள். அந்த நேரத்தில் யார் படித்தாலும் அதையேதான் சொல்வார்கள். ஆனால் பழைய வீட்டில் அண்மைக்காலச் சான்றிதழ் இல்லை என்றாலே மின்சாரத்துக்குப் பெரும்பாலும் சிவப்புதான் போடுகிறார்கள். கம்பளம் போர்த்திய தரையை அவர்கள் தூக்கிப் பார்ப்பதில்லை, பீரோவை நகர்த்துவதில்லை, சுவரை உடைப்பதில்லை. பார்க்காததை எல்லாம் பார்க்கவில்லை என்று எழுதிவிடுகிறார்கள். நாளைக்கு வழக்கு வந்தால் நிற்க வேண்டிய எழுத்து அது. அதனால் மறுநாள் அவரைக் கூப்பிட்டு, சிவப்பில் எது இந்த வருடமே செய்ய வேண்டியது, எது பத்து வருடம் பொறுக்கும் என்று மட்டும் கேட்டேன். புகைபோக்கி பொறுக்கும், மின்சாரத்துக்கு ஒரு எலக்ட்ரீஷியன் போதும், பின்சுவர் பொறுக்காது, கழிவுநீரை நான் சொல்ல முடியாது, தனி ஆள் வையுங்கள் என்றார். எழுபது பக்கத்தைவிட அந்தக் கால் மணி நேரப் பேச்சுக்குத்தான் அதிகப் பயன்.

இதற்குள் வீட்டுக்கடனில் ஒரு சிக்கல். சுவர் மண் என்று தெரிந்ததும் முதலில் போன இடத்தில் மறுத்துவிட்டார்கள். இந்த வட்டாரத்து வீடுகளைப் பற்றித் தெரிந்த சின்ன நிறுவனம் ஒன்று கூடுதல் முன்பணம் கேட்டுச் சம்மதித்தது. காப்பீட்டுக்காரரிடமும் மண் என்றே சொல்லி வாங்கினோம். செங்கல் என்று சொல்லிவிட்டு நாளைக்குச் சுவர் விழுந்தால் ஒரு காசு பெயராது.

கழிவுநீர்தான் பெரிய கதை. கிராமத்தில் பல வீடுகளுக்குப் பொதுச் சாக்கடை கிடையாது. வீடு வாங்கும் சட்ட வேலையைப் பார்த்த வக்கீல் (சொலிசிட்டர்) எடுத்த தேடல் சான்றில் 'இணைப்பு இல்லை' என்று ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். விற்பவர் நிரப்பிய படிவத்தில் செப்டிக் டேங்க், தோட்டத்தில் இருக்கிறது என்று இருந்தது. நாங்கள் அழைத்த ஆள் மூடியைத் திறந்து, கழிப்பறையில் பச்சைச் சாயம் ஊற்றச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து வேலியோரத்து வாய்க்காலுக்கு எங்களைக் கூட்டிப் போனார். தண்ணீர் பச்சையாக ஓடியது.

செப்டிக் டேங்கிலிருந்து நேராக வாய்க்காலிலோ ஓடையிலோ விடுவது இங்கிலாந்தில் 2020 ஜனவரி 1-இலிருந்து கூடாது. ஒன்று, தண்ணீரை மண்ணுக்குள் பரவவிடும் குழாய்ப் படுகை போட வேண்டும், இல்லையென்றால் சுத்திகரிக்கும் சிறு நிலையம் வைக்க வேண்டும். எங்கள் நிலம் களிமண். சுவர் கட்ட நல்ல மண், தண்ணீர் இறங்க ஆகாத மண். நிலையம் வைத்தால் வாய்க்காலில் விடலாம், ஆனால் ஆண்டு முழுவதும் ஓடும் வாய்க்காலாக இருந்தால்தான் தனி அனுமதி இல்லாமல் முடியும். எங்களுடையது கோடையிலும் ஓடுகிறது என்று பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னபோதுதான் மூச்சு வந்தது. வேலைக்குக் கேட்ட விலை 12,000 பவுண்டுக்கு மேல்.

விற்பவர் வயதான அம்மா, அவருக்காகப் பேசியது மகன். "நாற்பது வருடமாக இப்படித்தான் போகிறது, யாரும் கேட்டதில்லை" என்றார். அவர் சொன்னது உண்மைதான், அதில் கோபப்பட ஒன்றும் இல்லை. மதிப்பீட்டுத் தாளை அனுப்பி, எந்த விதி என்பதையும் எழுதினோம். நிலையத்தின் செலவில் பெரும்பகுதியை விலையில் குறைத்தார்கள். சுவருக்குக் குறைக்கவில்லை, அது பார்த்த விலையிலேயே இருக்கிறது என்றார்கள். சுவரைப் பார்த்து வாங்க முடியும், நிலத்துக்கடியில் இருப்பதைப் பார்த்து வாங்க முடியாது என்ற அவர்கள் கணக்கு எனக்கும் நியாயமாகவே பட்டது.

மாமனாருக்கு இதில் எதுவும் சுவாரசியமாக இல்லை. மானாமதுரையிலிருந்து வீடியோவில் வந்து, "மூலப்பத்திரம் பார்த்தீங்களா மாப்பிள்ளை? நாலு மால் எல்லையும் அளந்தாச்சா?" என்று இரண்டையே கேட்பார். இந்த வீட்டைப் பொறுத்தவரை சரியான கேள்விகள். 1990 டிசம்பரிலிருந்துதான் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் விற்பனையின்போது அரசின் நிலப் பதிவேட்டில் பதிவது கட்டாயமானது. அதற்கு முன் வாங்கி விற்காமலே வைத்திருந்தால் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்பதில்லை. இந்த அம்மா வாங்கியது அதற்கு முன்னால். எனவே நிஜமாகவே ஒரு கட்டுப் பழைய பத்திரங்கள் வந்தன, கையால் நிறம் தீட்டிய வரைபடத்தோடு. ஓரத்தில் 'அடையாளத்துக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. புதிதாகப் பதிவு செய்தாலும் அரசு தரும் வரைபடம் எல்லையைப் பொதுவாகத்தான் காட்டும். கிராமத்தில் அளவு 1:2500, ஒரு மில்லிமீட்டர் கோடு தரையில் இரண்டரை மீட்டர்.

அப்படியானால் அந்த வாய்க்கால் யாருடையது? வேலியும் வாய்க்காலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, மாறாக ஆதாரம் எதுவும் இல்லையென்றால், எல்லை வாய்க்காலின் அக்கரை ஓரம் என்று நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்கின்றன. 1810-இல் ஒரு வழக்கில் சொன்ன நியாயம் இது: வாய்க்கால் வெட்டுகிறவன் தன் நிலத்தின் விளிம்பில்தான் வெட்டுவான், அடுத்தவன் நிலத்தில் வெட்ட முடியாது, தோண்டிய மண்ணைத் தன் பக்கம் கொட்டி அதன் மேல் வேலி நடுவான். வரப்புத் தகராறில் பாதி ஆயுளைக் கழித்த மாமனாருக்கு இதைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப வாய்க்கால் நமக்கு!" என்றார். வேலி எங்கள் பக்கம் இருந்ததால் ஆமாம், நமக்கு. அதைத் தூர்வாரி ஓட்டத்தைக் காப்பதும் நம் தலையில் என்பதை அப்புறம் சொன்னேன்.

வீடு எங்கள் பெயருக்கு வந்த பிறகு முதலில் உடைந்த குழாய் முழங்கையை மாற்றினோம். இரண்டாவதாகக் கான்கிரீட் நடைபாதையை உடைத்துப் பீடத்தை வெளியே கொண்டுவந்தோம். கழிவுநீர் நிலையம் அதற்கடுத்து. சிமென்ட் பூச்சை ஒரேயடியாக உரிக்க வேண்டாம், ஈரமான மண்சுவருக்கு அதுவே முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கலாம் என்று சர்வேயர் எச்சரித்திருந்தார். பகுதி பகுதியாக உரித்து, கரைந்த கட்டிகளை மாற்றி, காயவிட்டுச் சுண்ணாம்பு பூசுகிறார்கள். உறைபனி காலத்தில் சுண்ணாம்பு வேலை ஆகாது என்பதால் செப்டம்பரோடு நிறுத்திவிட்டார்கள். பாதிச் சுவர் முடிந்திருக்கிறது, மீதிக்கு ஏப்ரலில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.