சிஸ்டத்துல ஒரு ஹீட், மெஷின்ல ஒரு ஹீட்

அம்பத்தூர் எஸ்டேட்ல வண்டி பார்ட்ஸ் பண்ற ஒரு கம்பெனில குவாலிட்டில இருக்கேன். எஸ்ஏபின்னு ஸ்டாக், ப்ரொடக்ஷன் கணக்கு பாக்குற சாஃப்ட்வேர் வர்றதுக்கு முன்னாடி எல்லாம் ரெஜிஸ்டர்தான், ராடு லாரில இருந்து இறங்குன உடனே ப்ரொடக்ஷன்காரங்க எடுத்துட்டு போயிடுவாங்க, நாங்க செக் பண்ண போறப்ப பாதி ராடு ஷாஃப்ட் ஆயிருக்கும். இப்ப அப்படி முடியாது. ஜிஆர்என், அதாவது சரக்கு வந்துச்சுங்கற என்ட்ரி, போட்டதும் ஸ்டாக் இன்ஸ்பெக்ஷன்ல போய் உக்காந்துக்கும், டயா, ஹார்ட்னஸ், மில் சர்டிபிகேட் எல்லாம் பாத்து நாங்க யூசேஜ் டிசிஷன், அதாவது இதை எடுக்கலாம்ங்கற முடிவு, குடுத்தாதான் ப்ரொடக்ஷனுக்கு இஷ்யூ ஆகும். இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு அந்த சாஃப்ட்வேர் மேல பெரிய மரியாதை.

அதனாலதான் அன்னைக்கு ரொம்ப வலிச்சுது. கஸ்டமர்கிட்ட ஒரு ஷாஃப்ட்ல கிராக், எந்த ஹீட்னு கேட்டாங்க. ஹீட் நம்பர்னா ஸ்டீல் மில்லுல ஒரே உருக்குல வந்த இரும்புக்கு குடுக்குற நம்பர், ஒரு ஹீட்ல கோளாறுன்னா அதுல பண்ண பீஸ் எல்லாத்தையும் சந்தேகப்படணும். பத்தே நிமிஷத்துல ரிப்போர்ட் எடுத்து நம்பரை சொல்லிட்டேன். சாயங்காலம் அந்த ஷாஃப்டை ஓட்டுன மெஷின் ஆபரேட்டர் அண்ணா வந்து, "சார், அன்னைக்கு நைட் நான் எடுத்தது புது பண்டில், அதுதானே மேல இருந்துச்சு"ன்னாரு. எனக்கு கை காலே ஓடல.

நடந்தது இதுதான். நாங்க வச்சிருந்தது பேக்ஃப்ளஷ், அதாவது இத்தனை பீஸ் முடிஞ்சுதுன்னு என்ட்ரி போட்டா ஒரு பீஸுக்கு எவ்வளவு ராடுங்கற பிஓஎம் கணக்குப்படி ராடை சிஸ்டமே கழிச்சுக்கும். எந்த பேட்ச்ல, அதாவது எந்த ஹீட்ல இருந்துன்னா, பழசு முதல்ல, ஃபிஃபோ. ஆனா ரேக்ல பழசு அடில, கிரேன் புதுசை அது மேல இறக்கிட்டு போயிடும், நைட் ஷிஃப்ட்ல ஒத்தை ஆளா அடில இருக்கறதை எப்படி உருவுவாரு? அவர் மேல தப்பே இல்ல, ரூல் போட்ட நாங்க ரேக்கை போய் பாக்கல. ரெண்டு ஹீட்டையும் நிறுத்தி நாலு நாள் ஒவ்வொரு பீஸா எம்பிஐ, அதாவது காந்தம் வச்சு கிராக் தேடுற டெஸ்ட், பண்ணோம்.

அப்புறம் ராடுக்கு மட்டும் பேக்ஃப்ளஷை எடுத்துட்டோம். மெஷின் பக்கத்துலயே பார்கோடு ஸ்கேன் பண்ணித்தான் இஷ்யூ. ஒவ்வொரு ஹீட்டுக்கும் ராடு முனைல ஒரு கலர் பெயிண்ட், அந்த முனையை கடைசியாத்தான் வெட்டணும், முதல்லயே வெட்டிட்டா மிச்ச ராடு எதுன்னு யாருக்கும் தெரியாது. வண்டி பார்ட்ஸ் கம்பெனிகளுக்கான குவாலிட்டி ஸ்டாண்டர்டு ஐஏடிஎஃப் 16949 ஆடிட்ல ஒரு பீஸை கைல எடுத்து, அது எந்த ராடுல இருந்து வந்துச்சுன்னு பின்னாடியே போவாங்க, அதுக்கு இது பதில் சொல்லும், ஆனா நான் ஆடிட்டுக்காக சொல்லல, அந்த ஷாஃப்ட் யாரோ ஒருத்தர் ஓட்டற வண்டிக்குள்ள சுத்துது.

போன மாசம் ராத்திரி ரெண்டரை மணிக்கு அதே அண்ணா போன் பண்ணாரு, "சார், அஞ்சு ராடுல டேகும் இல்ல பெயிண்ட்டும் இல்ல, மெஷினை நிறுத்திட்டேன்"னு. யாரும் இஷ்யூ பண்ண முடியாத ப்ளாக்டு ஸ்டாக்ல போடச் சொன்னேன். காலைல ஸ்பெக்ட்ரோ, அதாவது இரும்புல என்னென்ன கலந்திருக்குன்னு காட்டுற டெஸ்ட், பாத்தோம், கிரேடு சரிதான்னு வந்துச்சு, ஆனா எந்த ஹீட்னு அது சொல்லாதே. அந்த அஞ்சும் இன்னும் சிவப்பு ரேக்லயேதான் இருக்கு.