பதினோரு வருடம் நின்ற மிலிட்டரி நிஸ்ஸான் ரோட்டுக்கு வந்த கதை

பழைய ராணுவ வண்டி வாங்கிச் சரிசெய்யப் போகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் பேப்பர் வேலையை முடியுங்கள். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. 38,000 ரூபாய் கொடுத்து ஆசை ஆசையாக அடித்த ஆலிவ் பச்சையை நாலே மாதத்தில் நானே பக்கத்தில் நின்று தேய்த்தெடுக்கச் சொன்னேன். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

வண்டி, ஜபல்பூரில் செய்த நிஸ்ஸான் ஒரு டன் ராணுவ லாரி. ஆறு சிலிண்டர், 3,956 சிசி, பெட்ரோல். ஆனைமலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பலாமரத்தடியில் 2011-லிருந்து நின்றது. ராணுவ ஏலத்தில் எடுத்து, தோட்டத்தின் பெயரில் ரிஜிஸ்டர் செய்து, விறகும் உரமூட்டையும் ஏற்றியிருக்கிறார்கள். டிரைவர் சீட்டுக்கு அடியில் எலிக்கூடு, தரைத்தகடு முழுக்க மக்கிய இலை, பின்சக்கரம் ரெண்டும் மண்ணுக்குள். ஆனால் சேஸிஸ் கல் மாதிரி இருந்தது. பேசி முடித்து 2022-இல் லாரியில் ஏற்றிப் பொள்ளாச்சிக்குக் கொண்டுவந்துவிட்டேன், அதில் ஒரு சிக்கலும் இல்லை.

சிக்கல் நாலாம் நாள் ஆரம்பித்தது. ஹேண்டில் போட்டுச் சுற்றினால் எஞ்சின் அரைச் சுற்று வந்து நின்றுவிடும். நான் வைத்திருந்த மெக்கானிக் பையன், "டிராக்டர்ல கட்டி இழுத்தா பிச்சுக்கும் அண்ணே" என்றான். நானும் சத்தம் கேட்கிற ஆசையில் சரி என்று தலையாட்டிவிட்டேன். மூன்றாவது கியரில் போட்டு இழுத்தோம். பத்தடி போனது, உள்ளே காய்ந்த விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். அதோடு நிறுத்தினோம்.

அப்புறம்தான் ராணுவத்தில் வண்டி ரிப்பேர் பார்க்கும் ஈ.எம்.ஈ. பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு ஓய்வு பெற்ற என் மனைவியின் மாமாவைக் கூப்பிட்டேன். முதலில் அவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அவர் வந்ததும் ராக்கர் கவரைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். வால்வைத் திறக்க ராக்கரைத் தள்ளுகிற கம்பிகளில், அதாவது புஷ்ராடுகளில், ரெண்டு வில்லாக வளைந்திருந்தன. "வால்வு கைடுல துருப்புடிச்சு ஒட்டிப்போச்சு கண்ணு. ராக்கர் அமுக்குது, அது இறங்கமாட்டேங்குது. நடுவுல மாட்டுன ராடு என்ன பண்ணும்?" அவ்வளவுதான் சொன்னார், திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவர் செய்த முறை இது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பிளக்கையும் கழற்றிவிட்டு, டீசலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றுகிற ஏ.டி.எஃப். ஆயிலும் பாதிப்பாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் ரெண்டு ஸ்பூன். வால்வு தண்டிலும் அதையே சொட்டுவிட வேண்டும். ஆறு நாள் தொடக்கூடாது. பிறகு ஹேண்டிலில் கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே, நாளுக்கு ரெண்டு வேளை. ஒன்பதாவது நாள் சாயங்காலம் முழுச் சுற்று வந்தது. ஆறு ஓட்டையிலிருந்தும் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணீர் தெறித்தது, மாமா சட்டையெல்லாம் அது. அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

எப்படியும் ஹெட்டை இறக்கியாயிற்று என்று வால்வு சீட்டையும் கடினமான ரகமாக மாற்றிவிட்டோம். நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு முடிந்துவிட்டது, இந்த எஞ்சினோ அந்தப் பெட்ரோல் காலத்தது, ஈயம் இல்லாவிட்டால் பழைய சீட் தேயும். செலவு அதிகமில்லை, செய்துவிடுங்கள். ரப்பர் விஷயத்திலும் கவனம் வேண்டும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சென்னைப் புதுப்பேட்டையில் பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக் பெட்ரோல் பம்ப் டயாஃபிரம் கிடைத்ததென்று சந்தோஷமாக மாட்டினேன், ஒரே மாதத்தில் கொழகொழவென்று ஆகிப் பெட்ரோல் ஆயிலுக்குள் இறங்கிவிட்டது. நல்லவேளை டிப்ஸ்டிக்கை மோந்து பார்க்கும் பழக்கம் மாமாவுக்கு இருந்தது. எத்தனால் தாங்கும் டயாஃபிரமும் ஹோஸும்தான் போட வேண்டும், பழசு எவ்வளவு புதுசாகத் தெரிந்தாலும் வேண்டாம்.

ஸ்பேர் தேடும்போது 'நிஸ்ஸான் ஒரு டன்' என்று கேட்டால் பாதிக் கடையில் கையை விரிப்பார்கள். 'ஜோங்கா எஞ்சின்' என்று கேளுங்கள். ஜோங்கா என்பது ராணுவ ஜீப், அதற்கும் இதே ஆறு சிலிண்டர் குடும்பம்தான், கேஸ்கெட், வாட்டர் பம்ப் கிட், டிஸ்ட்ரிபியூட்டர் சாமான் எல்லாம் எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

கிளட்ச் பிளேட் ஃபிளைவீலோடு ஒட்டியிருந்தது. அதைப் பிரிக்கக் கியர்பாக்ஸை இறக்க வேண்டாம். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி நிறுத்தி, கிளட்சை முழுக்க மிதித்து, டாப் கியரில் போட்டு, பிரேக்கையும் மிதித்துக்கொண்டு ஒரு செல்ஃப் அடித்தால் விட்டுவிடும். எனக்கு மூன்றாவது தடவையில் விட்டது. முன்னால் ஆளோ சுவரோ இருக்கக்கூடாது.

டயர் மாற்றுவதைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். இந்த வண்டி ரிம்மில் டயரைப் பிடித்து நிறுத்தும் இரும்பு வளையம், லாக் ரிங், இருக்கிறது. டயர் கடைப் பையன் காற்று முழுக்க இறங்காமலே ரிங்கில் சுத்தியலைப் போட ஓங்கினான், நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். துருப்பிடித்த ரிங் காற்றோடு தெறித்தால் தலை இருக்காது. வால்வு பின்னையே கழற்றி வெளியே எடுத்துவிட்டு, ஒரு கம்பியை விட்டு அடைப்பு இல்லையென்று பார்த்த பிறகுதான் சுத்தியலைத் தொடவிட வேண்டும். திருப்பிக் காற்றடிக்கும்போது ரிங் பக்கம் யாரும் நிற்கக்கூடாது.

பிரேக், வயரிங், சீட், தார்ப்பாய் எல்லாம் ஆறு மாதத்தில் முடிந்தது.

இனி பேப்பர். தோட்டத்துக்காரர்கள் கொடுத்தது பழைய ஆர்.சி. புத்தகம். அதில் தயாரிப்பு ஆண்டு 1995. ஆனால் நான் கதவில் தோட்டத்துச் சாம்பல் பெயின்டைச் சுரண்டியபோது அடியில் பச்சை, அதற்கும் அடியில் வெள்ளையில் மேல்நோக்கிய அம்புக்குறி, பக்கத்தில் 84 என்ற எண். ராணுவ நம்பர் அப்படித்தான் ஆரம்பிக்கும், அம்புக்குறி, அடுத்து வருடத்தின் கடைசி ரெண்டு எண். அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது, ஒரு மணிநேரம் வேறு வேலையே ஓடவில்லை. 1995 என்பது ஏலத்தில் எடுத்து ரிஜிஸ்டர் செய்த வருடம், எழுதியவர் அதையே தயாரிப்பு ஆண்டு கட்டத்திலும் போட்டுவிட்டார்.

இந்த ஒரு எழுத்துப் பிழைக்கு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஏழு நடை. புத்தகத்தில் இருப்பது கம்ப்யூட்டரில் ஏறவில்லை, பேக்லாக் என்ட்ரி போட வேண்டும், அதற்குத் தயாரிப்பு ஆண்டுக்கு ஆதாரம் வேண்டும். முதல் நடையில் ஆர்.சி. ஒரிஜினல் போதும் என்றார் அங்கிருந்த கிளார்க். ரெண்டாவதில் தோட்டத்தின் லெட்டர்ஹெட்டில் கடிதம். மூன்றாவதில் "மிலிட்டரி கொடுத்த சேல் சர்டிபிகேட் எங்கே?" என்றார். முதல் நாளே கேட்டிருக்கலாம் இல்லையா? ராணுவத்திலிருந்து வெளியே வரும் வண்டிக்குப் படிவம் 21-இல் ஒரிஜினல் விற்பனைச் சான்று இருந்தால்தான் ரிஜிஸ்டர் செய்யவே முடியும் என்பது சட்டம், அதனால் அது எங்கேயோ இருந்தாக வேண்டும் என்ற தைரியத்தில் தோட்டத்து ஆபீசுக்கு மறுபடி மலை ஏறினேன். அங்கே இருந்த அக்கவுண்டன்ட் அம்மா, "எனக்குத் தெரிஞ்சு இல்லீங்களே தம்பி" என்று சொல்லிக்கொண்டே ரெண்டு தகரப் பெட்டியைத் திறந்துவிட்டார். போனஸ் ரிஜிஸ்டர்களுக்கு நடுவில் கார்பன் காப்பியும் அதன் நகலும் மட்டும் கிடைத்தன. ஒரிஜினல் 1995-இல் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கே போய்விட்டது. அதைச் சொன்னால் கிளார்க் நம்பவில்லை, மேலே இருந்த அதிகாரியிடம் நேராகப் போய்ப் பழைய ஃபைலை எடுக்கச் சொல்லி மனு கொடுத்த பிறகுதான், ஆறாவது நடையில், ஃபைல் வந்தது. உள்ளே அந்த ஒரிஜினல் பூச்சி அரிக்காமல் இருந்தது. ஆண்டு 1984. நீங்கள் போனால் என்னென்ன பேப்பர் என்று முதல் நாளே எழுத்தில் கேட்டு வாங்குங்கள், மனுவுக்கு ரசீதும் வாங்குங்கள்.

நடுவில் சேஸிஸ் நம்பர் போகப் பார்த்தது. நம்பர் மேல் காகிதம் வைத்துத் தேய்த்துப் பென்சில் பிரிண்ட் எடுக்க வேண்டும் என்று தெரியாமல் சேஸிஸை கிரைண்டரில் தேய்க்க விட்டிருந்தேன், நம்பர் அடித்த இடத்துக்கு நாலு விரல் தள்ளி டிஸ்க் நின்றிருக்கிறது. ஒரு எண் போயிருந்தால்கூட பெரிய வம்பில் மாட்டியிருப்பேன். வண்டி வந்த அன்றே நம்பரைத் தேடிப் பிடித்து, பிரிண்டும் போட்டோவும் எடுத்து, கிரீஸ் தடவி டேப் ஒட்டிவிடுங்கள்.

கடைசியில் பிரேக் இன்ஸ்பெக்டர். பிரேக்கைப் பார்த்தார், லைட்டைப் பார்த்தார், எல்லாம் சரி. பிறகு ரெண்டடி பின்னால் போய் நின்று, "இந்தக் கலர்ல பாஸ் பண்ண முடியாதுங்க" என்றார். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-வது விதி, ராணுவ வண்டி தவிர வேறு எதுவும் ஆலிவ் பச்சையில் இருக்கக்கூடாது. என்னிடம் போனில் காட்டினார், மரியாதையாகத்தான் பேசினார், அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அதே ஆபீசில் வண்டி போட்டோவை ஃபைலில் வைத்து ஏழு நடை நடந்திருக்கிறேன், ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. ஆர்.சி.யில் இருப்பது சாம்பல். திரும்பச் சாம்பலே அடித்தோம்.

கதவில் அந்த அம்புக்குறியையும் 84-ஐயும் மட்டும் தேய்ப்பதற்கு முன்னால் டிரேசிங் பேப்பரில் அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன்.

போன மாதம் மாமாவை உட்கார வைத்து ஆழியாறு வரை போய்வந்தேன். அவர் வழியெல்லாம் பேசவே இல்லை, கையை டேஷ்போர்டின் மேல் வைத்தபடியே வந்தார். இறங்கியதும் குனிந்து டிரான்ஸ்ஃபர் கேஸைப் பார்த்து, "பின்னாடி ஆயில் சீல் கசியுது கண்ணு" என்றார். அதற்குத்தான் இப்போது ஜோங்கா சீல் தேடிக்கொண்டிருக்கிறேன்.