புளியரை ஏற்றமும் சேட்டனின் கஞ்சித்தண்ணியும்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்கும் டிரையத்லான் போட்டிக்கான பயிற்சியில், இன்று 90 கிலோமீட்டர் சைக்கிள், இறங்கின கையோடு 10 கிலோமீட்டர் ஓட்டம். தென்காசியிலிருந்து நாலரைக்கே கிளம்பிவிட்டேன். செங்கோட்டை தாண்டியதும் சாரலோடு எதிர்காற்று. ஆடி மாதத்துக் கணவாய்க் காற்றைப் பற்றி நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சமதரையிலேயே ஏற்றம் மிதிப்பதுபோல இருந்தது.

புளியரை எஸ் வளைவில் லாரிகள் முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறின. நானும் பக்கத்திலேயே ஏறினேன். ஆரியங்காவு டீக்கடைச் சேட்டன் பாட்டிலை வாங்கி, கேட்காமலே உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி நிரப்பித் தந்தார். அந்தச் சூடு நெஞ்சுக்குள் இறங்கினது இன்னும் நினைவில் இருக்கிறது.

போன வருடம் கோவாவில் பாதித் தூர டிரையத்லான் போட்டி. 1.9 கிலோமீட்டர் கடல் நீச்சல், 90 சைக்கிள், இரண்டும் நல்லபடியாக முடிந்தது. 21.1 கிலோமீட்டர் ஓட்டத்தில் பதினான்காவது கிலோமீட்டரில் உடம்பில் தெம்பே இல்லை. சைக்கிளில் ஒழுங்காகச் சாப்பிடாததுதான் காரணம். மீதியை நடந்தே முடித்தேன், அழுதுகொண்டே. இப்போது மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து, கணக்குத் தப்புவதில்லை. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை வாழைப்பழமோ பேரீச்சையோ உள்ளே போயாக வேண்டும்.

அடுத்தது முழுத் தூரம்: 3.8 நீச்சல், 180 சைக்கிள், 42.2 ஓட்டம், எல்லாம் 17 மணி நேரத்துக்குள். ஆசை பெரிது, தெரியும். நாளை விடிந்ததும் குளத்தில் நீச்சல். தனியாக இறங்குவதில்லை, அண்ணன் கரையில் நிற்க வருகிறேன் என்றிருக்கிறார்.