கணக்குக்கு வெளியே நிற்பவர்கள்

காரைக்காலிலிருந்து தொலைபேசியில் பேசிய சித்தப்பா, "அந்தத் தீவுல வேலை செய்யாமலே அரசாங்கம் பணம் கொடுக்குதாமே, எல்லாரும் சோம்பேறிங்களாமே" என்றார். திருமணமாகி ரெயூனியன் தீவுக்கு வந்து சென்-ஆந்த்ரே நகரில் குடியேறிய பிறகு என்னை இவ்வளவு தைத்த பேச்சு வேறில்லை. பெரியவரிடம் எதிர்த்துப் பேச நாவெழாமல், "அப்படியெல்லாம் இல்லை சித்தப்பா" என்று நிறுத்திக்கொண்டேன். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

மடகாஸ்கருக்குக் கிழக்கே இருக்கும் இத்தீவு 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். பாரிசுக்கு விமானத்தில் பதினோரு மணி நேரம் ஆகிறது. பிரான்சின் பெருநிலப்பகுதியில் வேலையின்மை ஏழு விழுக்காட்டை ஒட்டியிருக்க, இங்கே 2022, 2023 ஆண்டுகளில் அது 18, 19 விழுக்காட்டில் நின்றது. அந்த எண்ணுக்குள் சேரவும் நிபந்தனை உண்டு: வேலை இல்லாதவர் கடந்த நான்கு வாரங்களில் வேலை தேடியிருக்க வேண்டும், இரண்டு வாரங்களுக்குள் வேலையில் சேரவும் இயல வேண்டும். தேடித் தேடி ஓய்ந்தவருக்கு எவ்வளவு ஆசை இருந்தாலும் அந்தக் கணக்கில் இடமில்லை.

என் பக்கத்து வீட்டு அக்கா அப்படி வெளியே நிற்பவர். 1848இல் அடிமை முறை ஒழிந்த பின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்தபோது புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறியவர்களின் வழிவந்தவர். தமிழ் பேச வராது. ஆனால் அவர் வீட்டு வாசலில் முருங்கை நிற்கிறது, தீமிதிக்கு விரதம் இருக்கிறார். படுத்த படுக்கையான தாயைக் குளிப்பாட்டி உணவூட்டிவிட்டு, ஊறவைத்த மொச்சை போன்ற பயற்றைத் தோல் நீக்கி அரைத்து, பச்சை மிளகாயும் வெங்காயத் தாளும் சேர்த்து, நடுவே துளையிட்டு எண்ணெயில் போடுவார். பொன்பொன் பிமான் என்று அதற்குப் பெயர். முதன்முதலாகக் கடித்தபோது நம் தேநீர்க் கடை வடையின் நினைவில் எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அதைத் தெருவில் விற்று வரும் சில்லறையில்தான் பள்ளிச் செலவு. சுற்றுலா விடுதிகளில் வேலை உண்டு, ஆனால் அவை தீவின் மறுகரையில் இருக்கின்றன. கார் இல்லை, தாயைப் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை. விடியலிலிருந்து இரவுவரை ஓயாத இந்தப் பெண்ணையா சோம்பேறி என்பது?

ஒரு காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சர்க்கரை ஆலைகள் இருந்த தீவில் இப்போது இரண்டே எஞ்சியுள்ளன. எங்கள் ஊர் புவா-ரூழ் ஆலை அவற்றில் ஒன்று. ஏறத்தாழ ஜூலை முதல் டிசம்பர் வரை கரும்பு வண்டிகள் சாலையை அடைத்துக்கொண்டு போகும்; வெட்டு முடிந்தால் ஆட்களுக்கு வேலையும் முடியும். பெரும்பாலான பொருள்கள் கப்பலில் வருவதால், 2022இல் உணவு விலை பெருநிலப்பகுதியைவிட 37 விழுக்காடு அதிகமாக இருந்தது. அரசு தரும் உதவித்தொகை அரிசிக்கும் மின்கட்டணத்துக்கும் போனால் மீதி என்ன இருக்கும்?

எனக்கு இந்த ஊர் பழகிவிட்டது. சந்தையில் இத்தீவின் கிரியோல் மொழியில் பேரம் பேசுகிறேன், மழைக்கால வெள்ளத்துக்கும் அஞ்சுவதில்லை. ஆனால் கரும்பு முடிந்த மாதங்களில் கடைத் திண்ணையில் ஆண்கள் உட்கார்ந்திருப்பதைக் கண்டால், மனம் எங்கள் காரைக்கால் கோடைக்குப் போய்விடுகிறது. ஜூன் 12இல் மேட்டூர் திறப்பார்களா, திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று பூவரச மரத்தடியில் காத்திருந்தவர்களுக்கு அம்மா சொம்பில் மோர் கொண்டுபோய்க் கொடுப்பார். சித்தப்பாவும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். அவரை யாரும் சோம்பேறி என்று சொன்னதில்லை. வயலில் தண்ணீர் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

இங்கே ஆள்வோருக்குத் தோன்றிய தீர்வு, ஆட்களை வெளியே அனுப்புவது. 1963இல் இதற்கென்றே பிரான்சில் ஓர் அரசு அலுவலகம் தொடங்கி, இளைஞர்களை ஆயிரக்கணக்கில் பெருநிலப்பகுதிக்கு ஏற்றினார்கள். பலர் ஊர் திரும்பவே இல்லை. இப்போதும் பயிற்சிக்குப் போகப் பயணச்சீட்டு கிடைக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவின் மகனும் பெருநிலப்பகுதியிலுள்ள லியோன் நகருக்கு விண்ணப்பித்திருக்கிறான். படித்துவிட்டு வருவாயா என்று கேட்டேன். "இங்கே என்ன வேலைக்கு, அக்கா?" என்றான். பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. பாட்டியைப் பகலில் பார்த்துக்கொள்ள ஊராட்சியில் ஆள் தருவார்களா என்று விசாரிக்க, அடுத்த வாரம் அவன் தாயுடன் நானும் போகிறேன்.