நிழலைப் பார்த்து நம்பர் சொல்லு

பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ அண்ணை எண்டு செயலாளர் தம்பி மூண்டு தரம் போன் அடிச்சிட்டார். என்னத்தை எழுதுறது, கன்ரீன் றோல், மதிலேறிப் பாஞ்சது, அதிபரிட்ட அடி வாங்கினது எல்லாம் போன மலர்களில ஆக்கள் எழுதி முடிச்சாச்சு எண்டு தலையைச் சொறிஞ்சுகொண்டு இருக்கேக்கதான் மகள் என்ர பழைய கமராவைத் தூக்கிக்கொண்டு வந்து "அப்பா, இதில டிவி எண்டு போட்டிருக்கு, இதை டிவியோட கொழுவலாமோ" எண்டு கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது, ஏனெண்டா 2009இல அந்தக் கமராவைக் கடையில கையில எடுத்துப் பாக்கேக்க நானும் அப்பிடித்தான் நினைச்சனான், வாயைத் திறந்து கேக்கேல்ல, அவ்வளவுதான்.

அவளுக்குப் பதில் சொல்ல வெளிக்கிட்டா கதை எங்கட பௌதிக ஆய்வுகூடத்துக்குத்தான் போகுது. படிப்பிச்ச சேரின்ர பேர் போடேல்ல, எங்கட காலத்துப் பெடியளுக்கு ஆரெண்டு தெரியும்.

சேரிட்ட ஒரு பென்ரக்ஸ் கே1000 பிலிம் கமரா இருந்தது. இரும்புக் கட்டி மாதிரி ஒரு சாமான். மேல ஒரு சில்லு, அதில 1, 2, 4, 8 எண்டு துவங்கி 1000 வரைக்கும் நம்பர், கூட B எண்டு ஒரு எழுத்து. லென்சைச் சுத்தி ஒரு வளையம், அதில 2இல இருந்து 22 வரைக்கும். அவ்வளவுதான். ஓட்டோவும் இல்லை ஒண்டுமில்லை. உள்ளுக்க பாத்தா வலப்பக்கத்தில ஒரு முள்ளு ஆடும், அது நடுவில நிண்டா வெளிச்சம் சரி, மேல போனா கூடிப்போச்சு, கீழ போனா காணாது. அந்த முள்ளுக்கு மட்டும்தான் சட்டைப் பொத்தான் அளவில ஒரு பற்றரி, மற்றதெல்லாம் சுருள்வில்லும் பல்லுச்சில்லும். அந்தக் கமராவுக்கு ஓஃப் சுவிச் கிடையாது, லென்ஸ் மூடியைப் போட்டு இருட்டாக்கினாத்தான் மீற்றர் நித்திரை கொள்ளும். இதை சேர் எனக்கு ஒருக்கா இல்லை, பத்துத்தரம் சொன்னவர்.

90 ஆனியில சண்டை திரும்பத் துவங்கினாப் பிறகு யாழ்ப்பாணத்துக்கு என்ன வந்தது என்ன வராமல் போனது எண்டு இதை வாசிக்கிற உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பற்றரி தடைசெய்த சாமான், சைக்கிளைக் கவிட்டு வைச்சு ஒராள் பெடல் சுத்த டைனமோவில மற்றாக்கள் றேடியோ கேட்ட காலம். அந்தக் காலத்தில சேரின்ர கமராவுக்குள்ள இருந்த பற்றரிதான் எங்களுக்குத் தெரிஞ்ச கடைசிப் பற்றரி. மார்கழி லீவுக்கு முதல்நாள் கமராவைத் துடைச்சு அலுமாரியில வைக்கச் சொல்லி என்னட்டைத் தந்தார், நான் துடைச்சன், வைச்சன், கண்ணாடிக் கதவைப் பூட்டித் திறப்பையும் குடுத்தன். மூடி என்ர களிசான் பொக்கற்றுக்குள்ள. லீவு முடிஞ்சு தையில திறந்து பாத்தா முள்ளு செத்துப்போச்சு.

அடி விழும் எண்டு கையை நீட்டிக்கொண்டு நிண்டன். பக்கத்தில நிண்ட நெட்டையன் "சேர், சைக்கிள் டைனமோவில குடுத்துப் பாப்பமோ" எண்டு கேட்டு, எனக்கு வரவேண்டிய ஒண்டைத் தான் வாங்கினான். பேந்து சேர் என்னை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் வெயிலுக்க நிப்பாட்டினார். "உன்ர நிழலைப் பார். ஓரம் கத்தியால வெட்டின மாதிரி இருக்கோ?" ஓம் சேர். "அப்ப லென்ஸ் வளையம் பதினாறில. ஓரம் மங்கினா பதினொண்டு. நிழல் இருக்கோ இல்லையோ எண்டு தேடவேண்டி வந்தா எட்டு. நிழலே இல்லாட்டி அஞ்சு தசம் ஆறு. பிலிம் நூறு எண்டா சில்லு நூற்றி இருவத்தஞ்சில. இனி இதுதான்ரா மீற்றர்."

அவ்வளவுதான் பாடம். ஆனா பாத்தி விளக்கம் இல்லாட்டி அது எனக்கு மண்டைக்குள்ள ஏறியிராது. எங்கட வீட்டில வெங்காயம் வைக்கிறது அவருக்குத் தெரியும், ஒரு தடியை எடுத்து நிலத்தில வாய்க்கால் கீறினார். பாத்தி நிரம்பவேணும், அதுக்கு மடையை அகலமா வெட்டிக் கொஞ்ச நேரம் விடலாம், இல்லாட்டி ஒடுக்கமா வெட்டிக் கனநேரம் விடலாம், தண்ணி ஒண்டுதான். லென்ஸ் வளையம் மடையின்ர அகலம், மேல இருக்கிற சில்லு நேரம், நூற்றி இருவத்தஞ்சு எண்டா ஒரு செக்கனில நூற்றி இருவத்தஞ்சில ஒரு பங்கு. பிலிம் நம்பர் பாத்தியின்ர ஆழம், நானூறு எண்டா ஆழமில்லாத பாத்தி, கொஞ்சத் தண்ணியில நிரம்பியிடும், ஆனா மண் சொரசொரப்பாத் தெரியும். சில்லில நம்பர் கூடினா நேரம் குறையுது, லென்ஸ் நம்பர் கூடினா மடை ஒடுங்குது, ரெண்டும் தலைகீழ், அதைப் பாடமாக்கு எண்டார்.

இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஆரோ கிளாலிக் கடலேரியால வரேக்க ஒரு பிலிம் கொண்டுவந்து குடுத்திருந்தினம், முப்பத்தாறு படம், அதுக்குள்ள அணிநடை, இல்லச் சோடனை, உடற்பயிற்சி, அஞ்சல் ஓட்டம் எல்லாம் முடிக்கவேணும். நூறு மீற்றர் ஓட்டத்துக்கு சேர் கமராவை என்ர கையில தந்து நம்பர் சொல்லு எண்டார். குனிஞ்சு நிழலைப் பாத்தன், கரி மாதிரி கிடக்குது, பதினாறும் நூற்றி இருவத்தஞ்சும், ஆனா ஓடுறவனை நூற்றி இருவத்தஞ்சில பிடிச்சா காலும் கையும் புகையாப் போகும், அப்ப நேரத்தைக் குறைச்சு ஐநூறு, ரெண்டு படி, மடையையும் ரெண்டு படி திறந்து எட்டு. "எட்டும் ஐநூறும் சேர்." ஒண்டும் சொல்லேல்ல, தலையை மட்டும் ஆட்டினார். அந்தப் படம் நல்லா வந்தது, நாடாவை நெஞ்சால அறுக்கிறவன் அந்தரத்தில நிக்கிறான், ரெண்டு காலும் நிலத்தில இல்லை. 95 இடப்பெயர்வோட அந்தப் படமும் போச்சு, நெகற்றிவும் போச்சு.

பேந்து கொழும்பு. வெள்ளவத்தையில இருக்கேக்க நானும் ஒரு பழைய கே1000 வாங்கி, பிளாஷும் வாங்கி, பெரியம்மான்ர மகளின்ர கலியாணத்துக்குப் பெரிய ஆள் மாதிரிப் போனன். சேர் பிளாஷ் படிப்பிக்கேல்ல, பற்றரி இல்லாத ஊரில என்னத்தைப் படிப்பிக்கிறது. சில்லு வழக்கம்போல நூற்றி இருவத்தஞ்சில. அந்தக் கமராவில பிளாஷ் போட்டா அறுபதைத் தாண்டக்கூடாது, தாண்டினா ஷட்டர் முழுசாத் திறந்து நிக்காது, பிளாஷ் அடிக்கேக்க ரெண்டாவது துணி ஒரு பக்கத்தை மூடத் துவங்கியிருக்கும், பாதிப் படம் கறுப்பு. படம் கழுவி வந்தா மாப்பிளை இருக்கிறார், பொம்பிளையைக் காணேல்ல. பெரியம்மா இண்டைக்கும் அதைச் சொல்லிக் காட்டுறவ.

கனடா வந்து வேலை, வீடு, மோட்கேஜ் எண்டு ஓடி, 2009இல ஒருமாதிரி கனன் றெபெல் எக்ஸ்எஸ் ஒண்டு வாங்கினன், வேற நாடுகளில 1000டி எண்டு வித்தது, பத்து மெகாபிக்சல். பெட்டியைத் திறந்து கையில எடுத்தா ஒரே திகைப்பு. லென்சில அந்த வளையம் இல்லை! மேல இருக்கிற சில்லில நம்பர் இல்லை, எழுத்துக் கிடக்குது. பச்சைப் பெட்டி, பூ, மலை, ஓடுற ஆள், மற்றப் பக்கம் பி (P), டிவி (Tv), ஏவி (Av), எம் (M). கைநூலை வாசிச்சன், ஏறேல்ல. பேந்து ஒருநாள் பேஸ்மென்றில இருந்து எம்மில வைச்சு நோண்டேக்கதான் அட இது சேரின்ர கமராதான், மடையையும் நேரத்தையும் கண்ணில படாமல் ஒளிச்சு வைச்சிருக்கிறாங்கள் எண்டு விளங்கினது.

மகளுக்குச் சொன்னதை இதிலயும் சொல்லுறன். டிவி எண்டா ரைம் வல்யூ, நேரத்தை நீ சொல்லு, மடையைத் தான் பாக்கிறன் எண்டு கமரா சொல்லுது. ஏவி எண்டா அப்பேச்சர் வல்யூ, மடை உன்ர, நேரம் தன்ர. எம் எண்டா ரெண்டும் உன்ர தலையில, மீற்றர் பக்கத்தில நிண்டு கூடிப்போச்சு குறைஞ்சுபோச்சு எண்டு மட்டும் சொல்லும், சேரின்ர முள்ளு மாதிரி. பியில ரெண்டையும் கமரா பாக்கும், சில்லைச் சுத்தினா அளவு மாறாமல் சோடியை மாத்தித் தரும், மற்ற செற்றிங்குகளிலயும் கை வைக்க விடும். பச்சைப் பெட்டியில அதுவும் இல்லை, இருட்டெண்டு தனக்குப் பட்டா உன்னைக் கேக்காமல் பிளாஷைத் தூக்கும். நிக்கோன் வைச்சிருக்கிறவையளுக்கு டிவிக்குப் பதில் எஸ், ஏவிக்குப் பதில் ஏ. அந்த ஏயை ஓட்டோ எண்டு நம்பி ஒரு பிறந்தநாள் முழுக்க எடுத்த ஒராளை எனக்குத் தெரியும், இந்தச் சங்கத்தில உறுப்பினர், பேர் கேக்காதேங்கோ.

எம்மில மடையை மாத்திறது எப்பிடி எண்டு கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாசம் எடுத்தது. எங்கட றெபெலில ஆள்காட்டி விரலுக்குக் கிட்ட ஒரே ஒரு சில்லுத்தான், அது எம்மில நேரத்தை மாத்தும். மடைக்கு, பின்னுக்குத் திரைக்குப் பக்கத்தில ஏவி எண்டும் கூட்டல் கழித்தல் எண்டும் போட்ட பட்டனைப் பெருவிரலால அமத்திப் பிடிச்சுக்கொண்டு அதே சில்லைச் சுத்தவேணும். அதே பட்டன் ஏவியில நிக்கேக்க வேற வேலை செய்யும், படத்தை வெளிச்சமாக்கவோ இருட்டாக்கவோ, அதுக்குத்தான் அந்தக் கூட்டல் கழித்தல். ஒரு பட்டனுக்கு ரெண்டு உத்தியோகம். விலை கூடின கமராக்களில ரெண்டு சில்லு இருக்கும், கை பழகினாப் பிறகு அந்த ரெண்டாவது சில்லுக்காகவே காசு குடுக்கலாம் எண்டுதான் நான் சொல்லுவன், மெகாபிக்சலுக்காக இல்லை.

அந்தக் கூட்டல் கழித்தல் இல்லாட்டி இந்த நாட்டில ஸ்னோவைப் படம் எடுக்கேலாது. கமரா எதைப் பாத்தாலும் நடுத்தரச் சாம்பல் எண்டுதான் நினைக்கும், வெள்ளையைக் காட்டினா ஐயோ வெளிச்சம் கூடிப்போச்சு எண்டு பயந்து குறைச்சிடும், ஸ்னோ ஊத்தைத் தண்ணி நிறத்தில வரும். கூட்டல் ஒண்டு, சிலநேரம் அதுக்கும் மேல. எங்கட வெள்ளை யூனிபோமுக்கும் இதே கதைதான், அதுதான் சேர் முள்ளை நம்பாதை, நிழலை நம்பு எண்டு சொன்னவர், பற்றரி இருந்த நாளிலயே.

மற்றப் பிழையளையும் ஒப்புக்கொள்ளுறன். ஒருமுறை இரவு விருந்துக்கு மண்டபத்தில ஐ.எஸ்.ஓவை, அதுதான் அந்தக் காலத்துப் பிலிம் நம்பரை, 1600இல வைச்சனான், அடுத்தநாள் மத்தியானம் பார்க்கில பிள்ளையளின்ர கிரிக்கெட், ஏவி, மடை எஃப் 4, படபடவெண்டு எடுத்துத் தள்ளினன். உள்ளுக்க 4000 எண்ட நம்பர் விட்டுவிட்டு மின்னிக்கொண்டே இருந்தது, ஏதோ நல்லதுக்குத்தான் மின்னுது எண்டு விட்டிட்டன். ஷட்டர் இதுக்கு மேல வேகமாப் போகாது, தண்ணி பாத்தியை உடைச்சுக்கொண்டு ஓடுது எண்டு அது கத்தியிருக்குது. எல்லாம் வெள்ளை, பந்தையும் காணேல்ல, பந்து போட்டவனையும் காணேல்ல. இன்னொருமுறை ஆண்டுவிழாவில ஐம்பது மில்லிமீற்றர் லென்சை 1.8இல திறந்துவிட்டு நிர்வாகசபையை மூண்டு வரிசையில நிப்பாட்டி எடுத்தன். முன் வரிசைப் பெம்பிளையளின்ர காப்பில இருக்கிற கல்லு எண்ணலாம், பின் வரிசையில நிண்ட தலைவர் ஆரெண்டு தெரியேல்ல. மடை அகலமெண்டா கூர்மையா இருக்கிற ஆழம் குறையும், இது எனக்குத் தெரியாத விசயமே இல்லை, ஆனா மண்டபத்து இருட்டில ஆசை கண்ணை மறைச்சிட்டுது.

போன கோடை ஒன்றுகூடலுக்கு மகளும் வந்தவள், கமரா அவளின்ர கழுத்தில. வானம் மூடிக்கிடந்தது. எல்லாரையும் மூண்டு வரிசையில நிப்பாட்டிப்போட்டு என்னைப் பாத்தாள், நான் நிலத்தைப் பாத்தன், நிழலே இல்லை. ஐ.எஸ்.ஓ 400, இருநூறு, எட்டு எண்டன். ஏன் கமராட்டக் கேக்காமல் நிலத்தைக் கேக்கிறியள் எண்டாள், பிறகு சொல்லுறன் முதல் எடு எண்டன்.

நடுப்பக்கத்தில இருக்கிறது அந்தப் படம்தான். பின் வரிசை வடிவாத் தெரியுது, தலைவர் இந்தமுறை தப்பியிட்டார். இடப்பக்கம் மூண்டாவதா கண்ணை மூடிக்கொண்டு நிக்கிறது நெட்டையன், அதுக்கு ஒரு மோட்டிலயும் மருந்தில்லை.