5:5:3

நவம்பர் 9, ஞாயிறு

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் தம்பியோடு வாக்குவாதம். இரண்டு உலகப் போருக்கும் நடுவில் அமெரிக்கா கதவைச் சாத்திக்கொண்டு சும்மா இருந்தது என்கிறான். எனக்கும் பள்ளியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். 1920 மார்ச் 19 அன்று அமெரிக்க செனட்டில், முதல் உலகப் போரை முடித்த வெர்சாய் உடன்படிக்கைக்கு ஆதரவாக 49 ஓட்டு, எதிராக 35. தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு ஏழு குறைந்தது. எதிர்க்கட்சி செனட்டர் லாட்ஜ் சேர்த்த நிபந்தனைகளோடு வருவதானால் ஏற்க வேண்டாம் என்று தன் கட்சிக்காரர்களிடம் சொன்னவர் வேறு யாருமில்லை, அதிபர் வில்சனேதான். அந்த உடன்படிக்கையில் அடங்கிய சர்வதேச சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) அவர் பெற்ற பிள்ளை. அதைச் சொந்த வீட்டுக்குள் விட முடியவில்லை.

சங்கத்தில் சேரவில்லை, சரி. அதனால் சும்மா இருந்தார்கள் என்று ஆகிவிடுமா?

நவம்பர் 12, புதன்

1921-ல் இதே தேதி ஒரு சனிக்கிழமை. வாஷிங்டனில் கடற்படைக் குறைப்பு மாநாட்டின் முதல் நாள். பெயர் தெரியாத போர்வீரன் ஒருவனை முந்தின நாள்தான் ஆர்லிங்டனில் அடக்கம் செய்திருந்தார்கள். வெளியுறவுச் செயலர் ஹியூஸ் வரவேற்புரை ஆற்றி உட்கார்ந்துவிடுவார் என்றுதான் வந்தவர்கள் நினைத்தார்கள். தாடிக்கார மனிதர், முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி. அமெரிக்கா 30 பெரிய போர்க்கப்பல்களை உடைத்துப்போடத் தயார், மொத்தம் 8,45,740 டன் என்றார். அதோடு விடவில்லை. பிரிட்டனும் ஜப்பானும் எதையெதைக் கைவிட வேண்டும் என்று கப்பல் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். பிரிட்டிஷ் கடற்படைத் தலைவர் பீட்டி அதே கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்! மூன்று நாடுகளுக்கும் சேர்த்து 66 கப்பல்.

இதைத் தியாகம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. அந்த 30-ல் பாதி இன்னும் கட்டி முடியாதவை. முடிக்கப் பணம் கொடுக்கும் மனநிலையில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இல்லை. ஆனாலும் பேரம் தொடங்கும் முன்பே தன் விலையைப் போட்டு உடைக்க ஒரு துணிச்சல் வேண்டும்தான்.

நவம்பர் 14, வெள்ளி

மழை. கரண்ட் போய்ப் போய் வந்தது. ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

விகிதச் சண்டைதான் இந்தக் கதையின் ருசியான இடம். பெரிய போர்க்கப்பல்களின் டன் அளவு அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பானுக்கு 5:5:3 என்றது அமெரிக்கா. ஜப்பான் 10-க்கு 7 கேட்டது. ஆனால் டோக்கியோவிலிருந்து வந்த ரகசியத் தந்திகளை யார்ட்லி என்ற அமெரிக்கரின் குழு உடைத்துப் படித்துக்கொண்டிருந்தது. வேறு வழியே இல்லையென்றால் 6-க்கு இறங்கலாம் என்று அவற்றில் இருந்தது. எதிராளியின் சீட்டைப் பார்த்துக்கொண்டே ஆடினால் யார்தான் தோற்பார்கள்? ஹியூஸ் அசையவில்லை, ஜப்பான் இறங்கியது.

‘முட்சு’ கப்பலை மட்டும் ஜப்பான் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் காசு போட்டிருந்தார்கள். அது தப்பியது. அதற்கு ஈடாக அமெரிக்கா இரண்டு கப்பல்களை முடித்துக்கொண்டது. பிரிட்டன் புதிதாக இரண்டு கட்டிக்கொண்டது. ஆயுதக் குறைப்பு!

நவம்பர் 20, வியாழன்

இன்று துள்ளிக் குதித்தேன். 1922 பிப்ரவரி 6 அன்று அந்த ஒப்பந்தத்தில் இந்தியாவுக்காகக் கையெழுத்துப் போட்டவர் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி, நம் வலங்கைமான்காரர். அதே 1921-ல் ஜெனீவாவில் சர்வதேச சங்கத்திலும் இந்தியப் பிரதிநிதியாக உட்கார்ந்துவிட்டுத்தான் வாஷிங்டன் போயிருக்கிறார். அடிமை நாட்டுக்குச் சங்கத்தில் நாற்காலி இருந்தது, அதைக் கனவு கண்ட நாட்டுக்கு இல்லை. பிரிட்டிஷ் சாம்ராஜ்யக் குழுவில் ஒருவராகத்தான் போட்ட கையெழுத்து என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தம்பிக்கு போன் செய்தேன். “சாஸ்திரியார் கதையெல்லாம் சரிண்ணா, ஜப்பானை யாராவது தடுத்தாங்களா?” என்றான். 1931-ல் மஞ்சூரியாவுக்குள் ஜப்பான் படை புகுந்தபோது அமெரிக்கா செய்தது, அந்த ஆக்கிரமிப்பை அங்கீகரிக்க மாட்டோம் என்று ஒரு குறிப்பு அனுப்பியதுதான். 1934 டிசம்பரில் ஜப்பான் கப்பல் ஒப்பந்தத்தையும் முடித்துக்கொள்வதாக நோட்டீஸ் கொடுத்துவிட்டது. அந்த இடத்தில் அவன் பக்கம்தான் நியாயம். ஆனால் கதவைச் சாத்தியவர்கள் என்பதை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. பேச்சுக்கு எல்லாரையும் வீட்டுக்கே கூப்பிட்டவர்கள், பொறுப்பு என்று வந்தால் கை நனைக்காதவர்கள். அப்படி வேண்டுமானால் சொல்லலாம்.

நவம்பர் 23, ஞாயிறு

இன்று படித்தது ஒரு அமெரிக்கப் போர்க்கப்பலின் சாவு. அதன் பெயரும் ‘வாஷிங்டன்’தான். முக்கால்வாசி கட்டியாகிவிட்டது, ஒப்பந்தப்படி வாழக்கூடாது. 1924 நவம்பர் கடைசியில் கடலுக்கு இழுத்துப்போய் டார்பிடோ விட்டார்கள், குண்டு வைத்தார்கள். மூழ்கவில்லை. நாள்கணக்கில் மிதந்தது. கடைசியில் ‘டெக்சாஸ்’ என்ற போர்க்கப்பல் வந்து 14 அங்குலக் குண்டுகளாகப் போட்ட பிறகுதான் உள்ளே போனது.